உங்களுக்குத் தெரியுமா? ஆரணியைச் சுற்றிப் புழங்கிய அயல்நாட்டுச் சில்லறை

ஆரணியில் யாருக்காவது உடம்பு ரொம்ப முடியாமல் போனால் கடைசியில் வந்து நிற்கிற பேச்சு, 'வேலூருக்குக் கொண்டுபோயிடுங்க' என்பதுதான். நாற்பது கிலோமீட்டர் போல. அங்கே போய் இறங்கும் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் பின்னால் ஒரே ஒரு பெரிய வெளிநாட்டு நிறுவனம் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். இருப்பது வேறு. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சுவீடன் என்று நாட்டுக்கு ஒரு சிறிய அறக்கட்டளை. 'வேலூர் நண்பர்கள்' என்ற பெயரில், அல்லது அதற்குப் பக்கத்துப் பெயரில், அவரவர் நாட்டுச் சட்டப்படி தனித்தனியாகப் பதிவு செய்துகொண்டவை. தனித்தனிப் பொருளாளர், தனித்தனித் தணிக்கை. வேலூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய மருத்துவர்கள், செவிலியர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று ஆள் சேர்ந்து வளர்ந்த கூட்டங்கள் இவை. சின்னச் சங்கங்கள் பல நாடுகளிலிருந்து ஒரே ஊரைத் தாங்கிப் பிடிக்கும் இந்த ஏற்பாட்டைப் பற்றித்தான் இந்த வாரம்.

✦

ஆரணிக்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. 1853-இல் அமெரிக்காவின் டச்சு சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த ஸ்கடர் சகோதரர்கள் 'ஆற்காடு மிஷன்' தொடங்கினார்கள். அதன் நிலையங்களில் ஒன்று ஆரணி. அந்தச் சபை அமெரிக்காவில் பெரிய சபை ஒன்றும் அல்ல. ஆரம்பத்தில் வேறொரு பெரிய மிஷன் வாரியத்தின் நிழலில் இருந்தது. 1857-இல் பிரிந்து, செலவு மொத்தத்தையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டது. நியூயார்க், நியூ ஜெர்சி பக்கத்து ஊர்க் கோயில்களில் ஞாயிற்றுக்கிழமை விழுந்த காணிக்கையில் ஒரு பங்கு வட ஆற்காட்டுக்குக் கப்பலேறியது இப்படித்தான்.

இந்தப் பணத்தோடு மதமும் வந்தது. அதை மறைக்க ஒன்றும் இல்லை, கொடுத்தவர்களும் மறைக்கவில்லை. பள்ளியும் மருந்தும் கூடவே வந்தன என்பதும் அதே அளவு உண்மை.

✦

காட்பாடியில் இருந்த மிஷன் தொழிற்பள்ளி முதலில் நடந்தது ஆரணியில்! பிறகுதான் ரயில் சந்திப்புள்ள காட்பாடிக்கு மாறியது.

✦

1875-இல் அந்தச் சபையின் பெண்கள் தங்களுக்கென்று தனி வெளிநாட்டு மிஷன் வாரியம் ஒன்றை அமைத்தார்கள். அந்தக் காலத்து அமெரிக்க மிஷன் பெண்களின் ஆயுதம் ஓர் அட்டைப்பெட்டி. மேலே துளை போட்ட சின்ன உண்டியல், வீட்டுக்கு ஒன்று. மளிகை வாங்கியது போக மிஞ்சும் செம்புக் காசு அதில் விழும். ஆண்டுக்கு ஒரு முறை கூடி உடைத்து எண்ணுவார்கள். கணவனிடம் கேட்க வேண்டியதில்லை, சபை மூப்பர்களின் தீர்மானமும் வேண்டியதில்லை. வாக்குரிமையே இல்லாத பெண்கள் பல்லாயிரம் டாலர் வரவு செலவைத் தாங்களே நடத்திப் பழகிக்கொண்டது இந்தப் பெட்டிகளை வைத்துத்தான். உதவி பெற்ற ஊரைவிடக் கொடுத்த ஊரில் இது ஏற்படுத்திய மாற்றம் அதிகமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

✦

கோயில் டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு 'உபயம்' எழுதுகிறார்கள் என்று நாம் கேலி பேசுவோம். வேலூரின் முதல் பெண்கள் மருத்துவமனையே ஓர் உபயம்தான். ராணிப்பேட்டையில் 1870-இல் அதே ஸ்கடர் குடும்பத்தில் பிறந்த ஐடா, அமெரிக்காவில் மருத்துவம் முடித்துத் திரும்பும் முன் ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்டப் புறப்பட்டார். ராபர்ட் ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர், இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902-இல் 40 படுக்கையுடன் எழுந்தது மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. ஆரணிப் பெரியவர்கள் கண் காட்டப் போகும் 'ஷெல் ஆஸ்பத்திரி'யில் இருப்பது எண்ணெய்க் கம்பெனியின் பெயர் இல்லை, அந்த அம்மாளின் பெயர்.

✦

1918 ஆகஸ்டில் அதே வேலூரில், பின்னாளில் சி.எம்.சி. கல்லூரியாக வளர்ந்த, பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. திறந்து வைத்தவர் சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு. 18 பெண்கள் சேர்ந்தார்கள். இடையில் சிலர் நின்றுபோக, மிச்சமிருந்த 14 பேர் முதலாண்டுத் தேர்வு எழுதினார்கள். மாகாணத்தின் ஆண்கள் பள்ளிகளில் ஐந்தில் ஒருவர் தேறிய அந்தத் தேர்வில் இந்த 14 பேரும் தேறினார்கள்.

அந்தச் செய்தி கடல் தாண்டிப் பணமாக மாறியது. 1920-களின் தொடக்கத்தில் ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக அமெரிக்கப் பெண்கள் ஒரு பெரிய வசூலில் இறங்கினார்கள். இந்தியாவில் மூன்று, சீனாவில் மூன்று, ஜப்பானில் ஒன்று. வேலூரும் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியும் அந்த ஏழில் அடக்கம். அப்போது ராக்ஃபெல்லர் குடும்ப நிதியம் ஒரு நிபந்தனை போட்டது: '1922 முடிவதற்குள் நீங்கள் 20 லட்சம் டாலர் திரட்டுங்கள், நாங்கள் 10 லட்சம் தருகிறோம்.' லூசி பீபாடி என்ற அம்மையார் தலைமையில் ஊர் ஊராகச் சின்னக் குழுக்கள் கிளம்பின. திரட்டியும் காட்டினார்கள். பணக்காரர் மொத்தமாகக் கொடுக்காமல், 'நீ பாதி வழி வா' என்று ஏழைகளின் காசை வெளியே இழுக்கும் இந்த உத்தியை இன்றைக்கும் உலகத்து அறக்கட்டளைகள் விடவில்லை. டிசம்பர் மாதத்தில் 'இன்று நீங்கள் தரும் ஒவ்வொரு ரூபாயும் இரண்டாகும்' என்று உங்கள் கைபேசிக்கு வரும் செய்தி இதன் பேரப்பிள்ளை.

✦

எழுபது வயதில் உங்களை யாராவது பத்து லட்சம் டாலர் வசூல் செய்து வரச் சொன்னால்? ஐடா போனார். எல்.எம்.பி. என்ற பட்டயப் படிப்பை எம்.பி.பி.எஸ். ஆக உயர்த்தாவிட்டால் வேலூர் மருத்துவப் பள்ளியை மூட வேண்டியதுதான் என்ற நிலை. 1941-இல், போருக்கு நடுவே, அமெரிக்காவில் ஊர் ஊராகப் பேசிப் பணம் கேட்டார். 1942-இல் எம்.பி.பி.எஸ். தொடங்கியது. 1947-இல் ஆண் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

✦

வெளிநாட்டு உண்டியலைப் பார்த்து வியக்கிறவர்களுக்கு: நம் வீட்டு அரிசிப் பானை அதற்கு இளைத்ததல்ல. உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கமும், வியாபாரத்தில் இத்தனைக்கு இத்தனை என்று பொது நிதிக்கு ஒதுக்கும் மகமையும் சேர்ந்து வளர்த்த பள்ளிதான் விருதுநகர் சத்திரிய வித்யாசாலை. காமராஜர் அங்கே படித்தவர்.

மிசோரமிலும் இதே பிடி அரிசி உண்டு. அங்கே அதற்குப் பெயர் 'புஹ்ஃபாய் தாம்'. 1910-இல் தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை. மிசோ பிரஸ்பிட்டேரியன் சபைக்கு ஆண்டுதோறும் இதிலிருந்து வருவது கோடிகளில்.

✦

பன்றி உண்டியலுக்கும் நம் பக்கத்துத் தொழுநோய் மருத்துவமனைக்கும் உறவு உண்டு! 1913-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒயிட் கிளவுட் என்ற சிற்றூர். வில்பர் சாப்மன் என்ற பத்து வயதுப் பையன், தொழுநோய்ச் சங்கத்துக்காரர் ஒருவர் தனக்குக் கொடுத்த மூன்று டாலரில் ஒரு பன்றிக்குட்டி வாங்கினான். பீட் என்று பெயர் வைத்தான். வளர்த்து 25 டாலருக்கு விற்று, பணத்தை அப்படியே தொழுநோயாளிகளுக்கு அனுப்பினான். கதை பரவியது. பள்ளிப் பிள்ளைகள் பன்றி வடிவ உண்டியல்களில் காசு சேர்க்க ஆரம்பித்தார்கள். (உலகத்துப் பன்றி உண்டியல் எல்லாமே பீட்டின் வம்சம் என்று சிலர் எழுதுவார்கள். நம்பாதீர்கள், பன்றி உண்டியல் அதற்கு முன்பே இருந்தது.) அந்த அமெரிக்கத் தொழுநோய்ச் சங்கத்தின் தலைவராக இருந்தவர் வில்லியம் ஷீஃப்லின். 1955-இல் வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் திறந்த ஆராய்ச்சி மருத்துவமனைக்கு அவர் பெயர்.

✦

தொழுநோயில் விரல்கள் 'அழுகி' விழுவதில்லை. நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், சூடு பட்டும் வெட்டுப் பட்டும் அறியாமல் விரலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இதை உலகத்துக்கு அழுத்தமாகச் சொன்ன பால் பிராண்ட், கொல்லிமலையில் வேலை செய்த மிஷனரித் தம்பதியின் மகன். சி.எம்.சி.யில் சேர்ந்தது 1946-இல். மடங்கிப்போன கைகளுக்கு அங்கே அறுவை சிகிச்சை செய்து திரும்பவும் வேலை செய்ய வைத்தார்.

✦

பருத்தி விளையும் நாட்டுக்குப் பருத்தி நூலில் பின்னிய கட்டுத்துணி! தொழுநோய்ப் புண்களுக்குக் கட்ட, மேற்கு நாட்டுச் சபைப் பெண்கள் கையால் பின்னிய பட்டைகளைப் பொட்டலம் பொட்டலமாகப் பல பத்தாண்டுகள் கப்பலில் அனுப்பினார்கள். துவைத்துத் துவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது அதன் வசதி. ஆனால் பட்டுத் தறிச் சத்தம் ஓயாத நம் ஆரணி போன்ற வட்டாரத்துக்குத் துணி அனுப்புவதற்குப் பதில் கூலியை அனுப்பியிருந்தால் இங்கேயே நாலு குடும்பம் நெய்து தந்திருக்காதா? கேட்கத் தோன்றுகிறது. பின்னுகிறவர்களுக்கும் ஒரு கூடுகை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

✦

சிறு சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு என்றால் தொழுநோய்ப் பணி செய்பவர்களுடையதுதான் நல்ல எடுத்துக்காட்டு. 1966-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஐரோப்பியத் தொழுநோய்ச் சங்கங்கள் கூடி ஒரு கூட்டமைப்பு அமைத்தன. பிறகு அது உலகளாவியதாக விரிந்தது. இன்று 'ஐலெப்' என்கிறார்கள். ஒரே ஊருக்கு இரண்டு நாட்டுப் பணம், பக்கத்து ஊருக்கு ஒன்றுமில்லை என்ற கூத்தை நிறுத்துவது அதன் முதல் வேலை.

அதற்கு முன்னோடிகளில் ஒருவரான பிரெஞ்சுக்காரர் ரவுல் ஃபொலரோ வசூல் கலையில் மன்னன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் 'ஏழைகளின் மணிநேரம்' என்று ஒன்றைத் தொடங்கினார்: ஆண்டுக்கு ஒரே ஒரு மணி நேரச் சம்பளத்தைக் கொடு. 1954-இல் அமெரிக்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் கடிதம் எழுதி, ஆளுக்கு ஒரு குண்டுவீச்சு விமானத்தின் விலையைக் கேட்டார். உலகத்துத் தொழுநோயாளிகள் எல்லாருக்கும் மருந்து வாங்க அது போதும் என்று கணக்கும் காட்டினார். விமானம் வரவில்லை. ஆனால் அதே ஆண்டு அவர் தொடங்கிய உலகத் தொழுநோய் நாள் நிலைத்துவிட்டது. உலகம் அதை ஜனவரி கடைசி ஞாயிறில் கடைப்பிடிக்கிறது. இந்தியாவில் காந்தி மறைந்த ஜனவரி 30.

✦

செங்கல்பட்டு மாவட்டப் பொலம்பாக்கத்தில் 1955-இல் பெல்ஜியம் மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ் தொடங்கிய மையத்துக்கு ஒரு சிறப்பு. நோயாளிகளைக் கொண்டுவந்து அடைக்கவில்லை. ஊர் ஊராக வண்டி போய், சாலையோர மரத்தடியில் நின்று மருந்து கொடுத்தது. மரத்துக்கு வாடகை கிடையாது, சின்னச் சங்கத்தின் பணம் மருந்துக்கே போனது. அவருடன் பணியாற்றிய டாக்டர் கிளேர் வெலுட் பிறகு இந்தியக் குடியுரிமையே வாங்கிக்கொண்டார்.

✦

பள்ளியில் கொடிநாள் கொடியும் காசநோய் வில்லையும் விற்றவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பார்கள். வில்லையைக் கண்டுபிடித்தவர் டென்மார்க்கின் ஒரு தபால் ஊழியர், ஐனார் ஹோல்பெல். 1903 கிறிஸ்துமஸில் வாழ்த்து அட்டைகளைப் பிரித்து அடுக்கும்போது, ஒவ்வொன்றிலும் ஒரு காசு வில்லை ஒட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. முதல் ஆண்டிலேயே நாற்பது லட்சத்துக்கு மேல் விற்றது.

✦

காந்தியின் கையெழுத்துக்கு விலை ஐந்து ரூபாய், ஹரிஜன நிதிக்கு! கூட்டத்தில் கிடைத்த நகையையும் மேடையிலேயே ஏலம் விடுவார்.

✦

பட்டுக்கும் நிதி திரட்டலுக்கும் பொதுவான ஒரு பெயர் எம்.எஸ். சுப்புலட்சுமி. அவருக்காகக் காஞ்சிபுரம் நெசவாளர் முத்துச் செட்டியார் நெய்த நீலம், 'எம்.எஸ். நீலம்' என்று கடைகளில் இன்றைக்கும் கேட்டு வாங்கும் நிறம். 1974-இல் அவருக்குக் கிடைத்த மகசேசே விருது இசைக்கென்று கொடுத்ததில்லை, பொதுச் சேவைப் பிரிவில். மருத்துவமனை, கல்லூரி, நினைவு நிதி என்று பாடிப் பாடியே பிறருக்குப் பணம் சேர்த்துக் கொடுத்ததற்காக.

✦

1919-இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில், பட்டினியால் வாடும் ஆஸ்திரியக் குழந்தையின் படம் போட்ட துண்டறிக்கை கொடுத்ததற்காக எக்லன்டைன் ஜெப் என்ற பெண்ணைக் கைது செய்தார்கள். அபராதம் ஐந்து பவுண்டு. வழக்கு முடிந்ததும், அவருக்கு எதிராக வாதாடிய அரசு வழக்கறிஞரே தன் பையிலிருந்து ஐந்து பவுண்டு எடுத்துக் கொடுத்தார். 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பின் முதல் நன்கொடை என்று இதைத்தான் சொல்கிறார்கள். கதை அழகானது. ஆனால் ஒட்டிய வயிற்றுடன் ஒரு குழந்தையின் படத்தைக் காட்டிப் பணம் கேட்கும் பழக்கமும் அந்தத் துண்டறிக்கையோடு வலுப்பட்டது. படத்தில் இருக்கிற பிள்ளையிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை.

✦

நம் தறிக்குழிகளில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த கதையும் இதே வழியில்தான் வெளிநாடு போனது. முன்பணம் வாங்கிய வீட்டுப் பிள்ளைகள், கடன் தீரும் வரை தறியில். 2003-இல் 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைச் சிறுவர்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. அதற்கு வெகு முன்பே அங்கே 'ரைடு' போன்ற உள்ளூர்த் தொண்டு நிறுவனங்கள் தறி வீடுகளுக்கு நடந்து, பெற்றோரிடம் பேசி, பிள்ளைகளை இணைப்புப் பள்ளிகளுக்குக் கூட்டி வந்துகொண்டிருந்தன. பிறகு அமெரிக்காவும் இந்தியாவும் ஆளுக்குப் பாதி போட்டு நான்கு கோடி டாலரில் நடத்திய 'இண்டஸ்' திட்டத்தில் காஞ்சிபுரமும் நம் திருவண்ணாமலையும் தமிழகத்தின் ஐந்து மாவட்டங்களில் இடம்பெற்றன.

இன்று ஆரணித் தெருவில் தறியில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் தறிப் பக்கமே வருவதில்லை என்பது இப்போதைய குறை. ஆனாலும் 2016-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தம், 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் 'உதவலாம்' என்கிறது. தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஊரில் உதவி எங்கே முடிகிறது, வேலை எங்கே தொடங்குகிறது என்று எந்த ஆய்வாளர் சொல்வார்?

✦

நாற்பது வயதுக்கு மேல் இழை தெரியாமல் போகும் நெசவாளருக்கு அறுந்த பாவைப் பிணைப்பதே பெரும்பாடு. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பதைத் தாண்டிய தொழிலாளர்களுக்குச் சாதாரண வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடி பெறாதவர்களோடு ஒப்பிட்டால் அவர்கள் பறித்த அளவு ஏறக்குறைய 22 சதவீதம் கூடியது. 2018-இல் வந்த ஆய்வு இது. கண்ணாடி தந்தது 'விஷன்ஸ்பிரிங்' என்ற தொண்டு நிறுவனம். ஒரு நிதிக்குழு ஆரணியில் எதில் தொடங்கலாம் என்று கேட்டால், கட்டடம் வேண்டாம், கண்ணாடியில் தொடங்கு என்பேன்.

✦

மதுரை அரவிந்த் மருத்துவமனையின் லென்ஸ் தொழிற்சாலைக்கு ஒரு கோமாளியும் ஒரு ராக் இசைக்குழுவும் மறைமுக உபயதாரர்கள்! 1978-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'சேவா' அறக்கட்டளையின் நிறுவனர்களில் வேவி கிரேவி என்ற கோமாளியும் ஒருவர். 'கிரேட்ஃபுல் டெட்' குழு அதற்காகக் கச்சேரி செய்தது. சேவா போன்ற சில சிறு அமைப்புகளின் துணையோடு 1992-இல் ஆரோலேப் என்ற அந்தத் தொழிற்சாலை எழுந்தது. நூறு டாலர் அளவில் விற்ற கண்புரை லென்ஸ், பத்து டாலருக்கும் கீழே இறங்கியது.

✦

1991-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இந்திய மாணவர்கள் தொடங்கிய 'ஆஷா', அதே ஆண்டு மேரிலாந்தில் தொடங்கிய 'எய்டு' என்ற இரண்டு தொண்டு நிறுவனங்களுக்கும் அமைப்பு ஒரே மாதிரி. ஊருக்கு ஒரு கிளை, வார இறுதியில் கூடும் தன்னார்வலர்கள், எந்தத் திட்டத்துக்குப் பணம் என்பதைக் கிளையே பேசி முடிவெடுக்கும். ஆஷாவின் பெயர்பெற்ற வசூல் வழி மாரத்தான். 'உன்னை 42 கிலோமீட்டர் ஓட வைக்கிறோம், நீ உன் நண்பர்களிடம் கேட்டு வா' என்பது ஒப்பந்தம்.

✦

ஹார்வர்டு தமிழ் இருக்கைக்குத் தேவைப்பட்ட 60 லட்சம் டாலர் 2018-இல் நிறைந்தது. தமிழக அரசு தந்தது 10 கோடி ரூபாய். மிச்சத்தில் பள்ளிப் பிள்ளைகளின் காசு முதல் வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்களின் விருந்து வசூல் வரை எல்லாம் உண்டு.

✦

2020-க்குப் பின் இந்த வலைப்பின்னலின் பெரிய முடிச்சு சட்டத்தில் விழுந்தது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத் திருத்தத்தின்படி, வெளிநாட்டுப் பணம் டில்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில் திறக்கும் கணக்கில்தான் முதலில் வந்து விழ வேண்டும். நிர்வாகச் செலவு முன்பு 50 சதவீதம் வரை போகலாம், இப்போது 20. இவற்றைவிட முக்கியமானது மூன்றாவது: பணம் பெற்ற அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. சென்னையில் பெயருள்ள ஒரு நிறுவனம் வாங்கி, சேத்துப்பட்டிலோ போளூரிலோ உள்ள சின்ன அறக்கட்டளைக்குப் பகிரும் பழைய வழி அடைபட்டுப்போனது. முறைகேடு நடக்கவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அடி விழுந்தது ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுத ஆள் இல்லாத சின்னவர்கள் மேல்.

நேரடியாகவே அனுமதி வாங்கலாமே என்றால், குறைந்தது மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் நற்பணிக்குச் செலவழித்திருக்க வேண்டும்.

✦

இந்த வருமான வரிச் செய்தி பலரை ஏமாற்றும்: நன்கொடைக்கு 80-ஜி சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். புதிய முறைக்கு மாறியவருக்குக் கிடையாது. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் சலுகை இல்லை. வெறும் ரசீது புத்தகத் தாளும் போதாது, அறக்கட்டளை வருமான வரித் துறைக்குக் கணக்குக் காட்டி எடுத்துத் தரும் '10-பிஇ' சான்றிதழ் வேண்டும்.

✦

ஆரணியிலிருந்து போன அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார், இன்னும் இந்தியக் கடவுச்சீட்டுதான். தங்கை அமெரிக்காவில், குடியுரிமை வாங்கிவிட்டார். இருவரும் ஒரே தெருப் பள்ளிக்கு ஆளுக்கு ஐம்பதாயிரம் அனுப்புகிறார்கள். அண்ணன் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, பள்ளி அறக்கட்டளை தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். தங்கையின் பணம் வெளிநாட்டு நன்கொடை. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும் அப்படித்தான். உள்துறை அமைச்சகத்தின் அனுமதி இல்லாமல் அதை வாங்கினால் பதில் சொல்ல வேண்டியது பள்ளியின் அறங்காவலர்கள், தங்கை இல்லை.